மெய்க்கீர்த்தியும் பேரேடும்: வரலாற்றாசிரியர் சர்வபள்ளி கோபால் குறித்து ஒரு மதிப்பீடு

"எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறாரு" என்று ஒரு தலைவரைப் பற்றிச் சொன்னால் நம்மவர்களிடையே அது ஒரு வசவு மாதிரி. அண்ணாவும் கலைஞரும் தாமே எழுதித் தாமே பேசிய காலத்தில் பழகிய செவிகள் நம்முடையவை. மாட்டுங்கா லேபர் கேம்பில் தெருமுனைக் கூட்டம் என்றால், காகிதத்தைப் பார்த்துப் பேசுகிறவருக்குக் கைதட்டல் குறைவாகத்தான் விழும். ஆனால் ஆட்சி என்பது பேச்சோடு முடிவதில்லை. அறிக்கை, வெள்ளை அறிக்கை, அயல்நாட்டுக்கு அனுப்பும் குறிப்பு, பாராளுமன்றத்தில் வைக்கும் பதில் என்று எழுத்து வேலை மலைபோல் இருக்கிறது. எவ்வளவு பெரிய பேச்சாளருக்கும் பின்னால் எழுதிக் கொடுக்க ஆள் வேண்டும்.

அப்படி எழுதிக் கொடுக்கிறவர் ஒரு வரலாற்றாசிரியராக இருந்தால் என்ன ஆகும்? பிற்காலத்தில் அவரே அந்த ஆட்சியின் வரலாற்றையும் எழுதினால் அதை நாம் எப்படிப் படிக்க வேண்டும்? இதுதான் இக்கட்டுரையின் கேள்வி. இதற்கு நல்ல உதாரணம் நம் சென்னையிலேயே பிறந்து, சென்னையிலேயே மறைந்த சர்வபள்ளி கோபால் (1923–2002). டாக்டர் ராதாகிருஷ்ணனின் ஒரே மகன். நேரு வரலாற்றை மூன்று தொகுதிகளில் எழுதியவர்.

நான் கல்லூரி வாசலை மிதித்தவன் அல்ல. வியாபாரம் செய்து கொண்டே, கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைப் புத்தகக் கடைகளில் பேரம் பேசி வாங்கிப் படித்தவன். கோபாலின் நேரு நூலில் முதலில் எனக்குக் கிடைத்தது இரண்டாம் தொகுதி. மற்ற இரண்டும் பல வருடம் கழித்துத்தான் கிடைத்தன. ஆகவே பேராசிரியர்களின் முறையில் அல்லாமல், கணக்குப் பார்த்துப் பழகிய ஒருவனின் முறையிலேயே இதை எழுதுகிறேன்.

மெய்க்கீர்த்தி எழுதியவர் யார்?

அரசனுக்கு எழுதிக் கொடுப்பது தமிழருக்குப் புதிதல்ல. முதலாம் இராசராசன் காலந்தொட்டுச் சோழர் கல்வெட்டுகளின் தலைப்பகுதியில் மெய்க்கீர்த்தி வருகிறது. அரசன் எந்தெந்த நாட்டை வென்றான், யாரை ஓட்டினான் என்ற பட்டியல் அது. அரண்மனையில் புலவர் ஒருவர் எழுத, அது நாடெங்கும் போய் ஊர்தோறும் கல்லில் ஏறியது. ஆட்சி ஆண்டு ஏற ஏற வெற்றிகளும் கூடும், மெய்க்கீர்த்தியும் நீளும். அந்த நீளத்தை வைத்தே அறிஞர்கள் கல்வெட்டின் காலத்தைக் கணிக்கிறார்கள். எழுதிய புலவரின் பெயர் மட்டும் நமக்குத் தெரியாது. இன்றைய அரசியல் உரை எழுத்தாளருக்கும் பெரும்பாலும் அதே நிலைதான்.

எங்கள் சமண சமூகத்தார் யாத்திரை போகும் இடங்களில் ஒன்று போளூர் அருகே உள்ள திருமலை. அங்கே குந்தவை ஜினாலயம் இருக்கிறது. இராசேந்திர சோழனின் கங்கைப் படையெடுப்பைச் சொல்லும் புகழ்பெற்ற கல்வெட்டு அந்த மலைப் பாறையில்தான் உள்ளது. நீலகண்ட சாஸ்திரியார் 1935-லும் 1937-லும் இரு பகுதிகளாக வெளியிட்ட சோழர் வரலாறு முதல் இன்றைய பள்ளிப் பாடம் வரை அந்தச் செய்தி வந்திருக்கிறது. ஆனால் அந்தக் கல்வெட்டு எதற்காக வெட்டப்பட்டது என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. மெய்க்கீர்த்தி முடிந்த பிறகு கடைசியில் சில வரிகள் இருக்கின்றன. நன்னப்பயன் என்ற வியாபாரியின் மனைவி சாமுண்டப்பை, கோயில் விளக்குக்கும் அமுதுக்கும் காசு கொடுத்தாள் என்பதே அவ்வரிகள் தரும் செய்தி.

மேலே உள்ளது அரண்மனை எழுதியது. கீழே உள்ளது நடந்த காரியம். மேலே உள்ளது பொய் என்று நான் சொல்லவில்லை. படை கங்கைக்குப் போனது உண்மைதான். ஆனால் தோற்றவன் வீட்டில் அதை எப்படி எழுதியிருப்பான் என்பதை மெய்க்கீர்த்தி சொல்லாது. சொல்ல வேண்டிய வேலையும் அதற்கு இல்லை. வியாபாரி மனைவியின் வரியில் அந்தச் சிக்கல் கிடையாது. இவ்வளவு காசு, இந்த விளக்கு, இந்தக் கோயில், சரிபார்த்துக் கொள்ளலாம். ஒரு வரலாற்று நூலைக் கையில் எடுக்கும்போதும் எது மெய்க்கீர்த்தி, எது விளக்குக் கணக்கு என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதே என் அளவுகோல்.

காப்பகத்திலிருந்து அமைச்சகத்துக்கு

கோபால் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் ஆக்ஸ்போர்டிலும் படித்தவர். ஆரம்பத்தில் அவர் எழுதியவை முழுக்க முழுக்க விளக்குக் கணக்கு வகை. ரிப்பன் பிரபுவின் ஆட்சி பற்றிய நூல் 1953-லும், இர்வின் பிரபு பற்றியது 1957-லும் வந்தன. வைஸ்ராய்களின் கடிதங்களையும் கோப்புகளையும் வரிவரியாகப் படித்து எழுதிய நூல்கள் அவை. வெள்ளைக்காரர் எழுதி வைத்ததை வைத்தே அவர்கள் ஆட்சியை எடை போடுவது என்ற வேலையை, சுதந்திரம் வந்த சூட்டிலேயே நிதானமாகச் செய்தார். வசை இல்லை, துதியும் இல்லை.

1954-ல் வெளியுறவு அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவுக்கு இயக்குநராகப் போனார். 1966 வரை அந்தப் பதவி. வெளியுறவு அமைச்சர் பொறுப்பு அப்போது நேருவிடமே இருந்தது. நேரு தம் பேச்சைப் பிறர் எழுதித் தர வேண்டிய ஆள் இல்லை. சிறையிலிருந்தே உலக வரலாறு எழுதியவர். நம் மகாராஷ்டிரத்து அகமத்நகர்க் கோட்டையில் அடைபட்டிருந்தபோது இந்திய வரலாறு எழுதியவர். தானும் கொஞ்சம் வரலாற்றாசிரியர் என்ற நினைப்பு அவருக்கு உண்டு. அப்படிப்பட்டவருக்குக் கோபால் கொடுத்தது வாக்கியம் அல்ல. வாக்கியத்துக்கு அடியில் வைக்கும் ஆதாரம். பேச்சு எழுதிக் கொடுப்பதைவிட இது கனமான வேலை என்பது என் எண்ணம். அழகான வாக்கியம் நாளைக்கு மறந்து போகும். "ஆதாரம் நம் பக்கம்" என்று ஒருவர் சொல்லிவிட்டால், அதன் மேல் தேசமே ஏறி நின்று கொள்ளும்.

லண்டனில் தேடியது என்ன?

இதற்குச் சாட்சி சீன எல்லை விவகாரம். லடாக்கின் வடகிழக்கே அக்சாய் சின் என்ற வறண்ட மேட்டு நிலம். 1954-க்கு முந்தைய நம் அரசு வரைபடங்களில் அந்தப் பகுதி எல்லை 'வரையறுக்கப்படாதது' என்றே இருந்தது. 1954-ல் உறுதியான கோடு போடப்பட்டது. 1957-ல் சீனா அதன் வழியே சாலை போட்டு முடித்தது. 1959-ல் எல்லையில் ரத்தம் சிந்தியது. அந்த ஆண்டின் இறுதியில் கோபாலை லண்டனுக்கு அனுப்பினார்கள். பழைய பிரிட்டிஷ் ஆவணங்களைப் பார்த்து வரச் சொன்னார்கள். 1960 தொடக்கத்தில் திரும்பிய அவர், அக்சாய் சின் மீது சீனாவைவிட இந்தியாவின் உரிமையே வலுவானது என்று நேருவிடம் சொன்னார். அந்த ஏப்ரலில் சூ என்லாய் டெல்லி வந்து பேசிய பேச்சு முறிந்தது. பிறகு இரு தரப்பு அதிகாரிகளும் ஆவணங்களை வைத்துக் கொண்டு மாதக் கணக்கில் வாதாடினார்கள். இந்தியக் குழுவில் கோபாலும் ஒருவர். அந்த அறிக்கை 1961-ல் வெளியானது. 1962 அக்டோபரில் போர்.

இங்கேதான் அறிஞர்கள் இரண்டாகப் பிரிகிறார்கள். நெவில் மாக்ஸ்வெல் 1970-ல் வெளியிட்ட நூலில், இந்தியா தன் வழக்கை மிகைப்படுத்தி, பேச்சுக்கு இடம் தராமல் போரை வரவழைத்துக் கொண்டது என்று வாதிட்டார். மாக்ஸ்வெல் சீனாவின் பக்கமே பார்த்தார் என்று மறுத்தவர்களும் உண்டு. நான் அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லத் தகுதி உள்ளவன் இல்லை. ஒரு வியாபாரிக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

பிரிட்டிஷார் காலத்தில் அந்த இடத்துக்கு ஒரே கோடு இருந்ததில்லை. 1865-ல் ஜான்சன் என்ற நில அளவையாளர் போட்ட கோடு அக்சாய் சின்னை இந்தியப் பக்கம் சேர்த்தது. 1899-ல் பிரிட்டிஷ் தூதர் மெக்டொனால்டு சீனாவுக்கு முன்வைத்த கோடு அதில் பெரும்பகுதியைச் சீனப் பக்கம் விட்டது. இரண்டும் வெள்ளைக்காரன் காகிதம்தான். ஆக, காப்பகத்துக்குள் போகிறவர் எந்தக் கேள்வியோடு போகிறார் என்பது முக்கியம். "என்ன நடந்தது?" என்று கேட்டால் இரண்டு கோடும் கையில் வரும். "நமக்குச் சாதகமாக என்ன இருக்கிறது?" என்று கேட்டால் ஒன்று மேலே வரும், மற்றது கீழே போய்விடும். இரண்டாவது கேள்வி வக்கீலின் கேள்வி. அதில் பாவம் ஒன்றும் இல்லை. எந்த நாடும் தன் வழக்குக்கு வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் வக்கீல் கொண்டு வந்ததை நீதிபதியின் தீர்ப்பாக எடுத்துக் கொண்டால் பேரம் பேச இடமில்லாமல் போகிறது. கோபால் மனமறிந்து எதையும் மறைத்தார் என்பதற்கு நான் எந்த ஆதாரமும் பார்க்கவில்லை. அவர் தம் முடிவை உண்மையாகவே நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் எல்லை என்பது பழைய காகிதத்தால் மட்டும் முடிவாகிற விஷயமல்ல என்று அந்த அறையில் ஒரு வரலாற்றாசிரியர் சொல்லியிருந்தால், அது வரலாற்றுக்கே பெருமையாக இருந்திருக்கும்.

அதே 1962 தோல்விக்குப் பின், அரசு ஏமாளித்தனமாகவும் அசட்டையாகவும் இருந்துவிட்டது என்று குடியரசுத் தலைவராக இருந்த ராதாகிருஷ்ணன் வெளிப்படையாகக் குறைப்பட்டார். மகன் அமைச்சகத்தில், தந்தை ராஷ்டிரபதி பவனில். ஒரு குடும்பத்துக்குள்ளேயே இரண்டு வகை எழுத்து நடந்த காலம் அது.

அமெரிக்காவில் ஒருவர்

கோபாலுக்கு ஒப்பாக வைத்துப் பார்க்கத் தக்கவர் அமெரிக்காவின் ஆர்தர் ஷ்லெசிங்கர் (1917–2007). ஆன்ட்ரூ ஜாக்சன் காலத்தைப் பற்றி எழுதிய நூலுக்கு 1946-ல் புலிட்சர் பரிசு வாங்கிய ஹார்வர்டு வரலாற்றாசிரியர். 1952, 1956 தேர்தல்களில் ஸ்டீவன்சனுக்கு உரை எழுதினார். 1961-ல் கென்னடியின் உதவியாளராக வெள்ளை மாளிகைக்குள் போனார்.

அவருக்கு வந்த சோதனை கியூபா. அந்தப் படையெடுப்பு தவறு என்று கென்னடிக்குத் தனியாகக் குறிப்பு எழுதிக் கொடுத்தார். ஆனால் கியூபாவுக்கு எதிரான அரசின் வெள்ளை அறிக்கையையும் அவரேதான் எழுதினார். கூட்டம் நடந்த அறையில் வாய் திறக்கவில்லை. இறங்கியவர்கள் ஏறக்குறைய 1,400 பேர். பத்திரிகைக்காரர்களிடம் இவர் சொன்னது சில நூறு என்று. பின்னால் 1965-ல் கென்னடி ஆட்சி பற்றிப் பெரிய நூல் எழுதினார். அதற்கும் புலிட்சர் கிடைத்தது. அந்த நூலில் தம் மௌனத்துக்காகத் தம்மையே கடிந்து கொள்கிறார். சொன்ன எண்ணிக்கை உண்மையல்ல என்பதையும் அந்த ஆண்டிலேயே ஒத்துக் கொண்டார். ஆனாலும் நூலின் மொத்தப் போக்கு கென்னடிக்கு எழுப்பிய கோபுரம்தான். 1973-ல் அவரே அமெரிக்க அதிபர்கள் மன்னர்களைப் போல் ஆகிவிட்டார்கள் என்று ஒரு நூல் எழுதியபோது, "உங்கள் ஆள் இருந்தபோது இது தெரியவில்லையா?" என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

தந்தையும் தலைவரும்

இனி கோபாலின் பெரிய நூலுக்கு வருவோம். நேரு வரலாறு 1975, 1979, 1984 ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வந்தது. 1976-ல் சாகித்திய அகாதெமி விருது. பிற ஆய்வாளர்களுக்குப் பல பத்தாண்டுகள் கிட்டாத, சுதந்திரத்துக்குப் பிந்தைய நேருவின் காகிதங்கள் இவருக்குக் கிடைத்தன. அது நூலின் பெரிய பலம், அதுவே பலவீனமும். ஏன் என்றால், ஒருவருக்கு மட்டும் திறந்த பெட்டியிலிருந்து எடுத்த காகிதத்தை இன்னொருவர் சரிபார்க்க முடியாது. கணக்கை எழுதினவரே தணிக்கையும் செய்தால், அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், ஐந்தொகையைப் பார்க்கிற பங்காளி முகம் சுளிக்கத்தான் செய்வார்.

நூலில் நேருவின் மேல் உள்ள அன்பைக் கோபால் மறைக்கவில்லை. நடை தெளிவானது, கட்டுக்கோப்பானது. குறை சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லவும் செய்கிறார். 1959-ல் கேரள அரசைக் கலைத்தது நேருவின் நற்பெயருக்குக் களங்கம் என்பதை அவர் மூடி மறைக்கவில்லை. ஆனால் மூன்றாம் தொகுதியின் சீனப் பகுதிகளைப் படிக்கும்போது, எழுதுகிறவர் அந்த வழக்கில் ஆதாரம் தேடித் தந்தவர் என்ற நினைவோடேயே படிக்க வேண்டும். சாட்சி சொன்னவரும் தீர்ப்பு எழுதுகிறவரும் இங்கே ஒருவரே.

இதோடு நிறுத்தினால் கோபாலுக்கு அநியாயம் செய்தவன் ஆவேன். இரண்டு காரியங்களை அவர் கணக்கில் வரவு வைக்க வேண்டும். ஒன்று, நேருவின் தேர்ந்தெடுத்த எழுத்துகள் வரிசை. 1972-ல் முதல் தொகுதி வந்தது. பொதுப் பதிப்பாசிரியர் கோபால். கடிதம், குறிப்பு, பேச்சு எல்லாவற்றையும் தேதிவாரியாக அச்சிட்டார்கள். அவருக்குப் பின்னும் தொடர்ந்த அந்த வரிசையை இன்று இணையத்திலேயே படிக்கலாம். தமக்கு மட்டும் திறந்த பெட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊருக்குத் திறக்கும் வேலையைத் தொடங்கி வைத்தவர் அவரே. அதாவது, தம்மை மறுக்க வேண்டிய ஆதாரத்தையும் தாமே அச்சில் ஏற்றினார். மெய்க்கீர்த்திப் புலவர் செய்யாத காரியம் இது.

இன்னொன்று, 1989-ல் தம் தந்தையைப் பற்றி எழுதிய நூல். ராதாகிருஷ்ணனின் பிறந்தநாளை நாம் ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம். அந்த மனிதரின் இல்லறத்தில் இருந்த குறைகளையும், பிற பெண்களோடு இருந்த தொடர்புகளையும், அதனால் தம் தாய் சிவகாமு பட்ட துயரத்தையும் மகனே எழுதினார். நம் குடும்பங்களில் அப்பாவைப் பற்றி இப்படி எழுத யாருக்குத் துணிச்சல் வரும்? நான் முதல்முறை படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். இரண்டாம் முறை படித்தபோதுதான், அதில் வசை இல்லை, ஒரு தாய்க்குச் சேர வேண்டிய நியாயம் இருக்கிறது என்பது தெரிந்தது. இந்த நூலை வைத்துக் கொண்டு நேரு நூலைத் திரும்பிப் பார்த்தால் ஒரு வித்தியாசம் தட்டுப்படுகிறது. தந்தையைத் தள்ளி நின்று பார்க்க முடிந்த கோபாலால், தலைவரை அந்த அளவு தள்ளி நின்று பார்க்க முடியவில்லை. ரத்த பந்தம்தான் கண்ணை மறைக்கும் என்கிறோம். கூட வேலை பார்த்த பந்தம் அதைவிட அதிகமாக மறைக்கும் போலிருக்கிறது.

1989-க்குப் பிறகு

கோபாலின் கடைசிக் காலத்துப் பணி நம் மும்பைக்காரர்களுக்கு நெருக்கமானது. அயோத்தி விவகாரம் சூடேறிய 1989-ல், வரலாற்றை அரசியலுக்காகத் திரிக்காதீர்கள் என்று ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழக வரலாற்றாசிரியர்கள் இருபத்தைந்து பேர் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அதில் கோபாலும் கையெழுத்திட்டார். 1991-ல் அதே விவகாரம் பற்றிய கட்டுரைத் தொகுப்பு ஒன்றையும் பதிப்பித்தார். அடுத்த ஆண்டு டிசம்பரிலும், 1993 ஜனவரியிலும் இந்த நகரத்தில் என்ன நடந்தது என்று தாராவிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சிலர் கேட்கிறார்கள்: "அமைச்சகத்தில் உட்கார்ந்து அரசுக்காக வரலாறு எழுதியவர், மற்றவர்கள் அரசியலுக்கு வரலாற்றைப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லலாமா?" கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஒன்று, இருக்கிற காகிதத்தில் நமக்கு ஆகிறதை முன்னே வைப்பது. மற்றது, காகிதமே தேவையில்லை, நம்பிக்கை போதும் என்று கடப்பாரையை எடுப்பது. முதலாவது தவறினால் இன்னொரு காகிதத்தைக் காட்டித் திருத்தலாம். இரண்டாவதைத் திருத்த எதுவும் மிஞ்சுவதில்லை. அதிகாரத்துக்குப் பக்கத்தில் பன்னிரண்டு வருடம் இருந்தவருக்கு, வரலாறு எவ்வளவு சுலபமாக ஆயுதம் ஆகும் என்பது மற்றவர்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். அந்த அறிக்கையில் அவர் கையெழுத்துக்கு மதிப்புக் குறைவு அல்ல, கூடுதல் என்பதே என் கருத்து.

நமக்கு என்ன?

எல்லாம் சரி, இதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். 2024-ல் தாராவி மறுவளர்ச்சித் திட்டத்துக்காகக் கணக்கெடுப்பு தொடங்கியபோது, 2000 ஜனவரி 1-க்கு முன்பே இங்கே இருந்ததற்குக் காகிதம் எங்கே என்று வீடு வீடாகத் தேடினோம். ரேஷன் கார்டு, மின்கட்டண ரசீது, வாக்காளர் பட்டியல் என்று டிரங்குப் பெட்டிகள் எல்லாம் வெளியே வந்தன. வரலாறு என்பது நமக்குப் பொழுதுபோக்கு அல்ல, தலைக்கு மேல் கூரை என்று அன்றைக்குப் பலருக்கும் புரிந்தது. 1966-க்குப் பின் "தென்னாட்டான் வெளியே போ" என்ற கூச்சலைக் கேட்ட பெரியவர்களுக்கு அது முன்பே தெரியும்.

இனி இந்தப் பகுதியின் வரலாற்றைப் பலர் எழுதுவார்கள். கட்டுமானக்காரர் பளபளப்புத் தாளில் எழுதுவார், கட்சிக்காரர் மேடைக்காக எழுதுவார், அதிகாரி கோப்புக்காக எழுதுவார். நம் பிள்ளைகளில் படித்தவர்களையே கூப்பிட்டு எழுதித் தரச் சொல்வார்கள். போய் எழுதட்டும், தப்பில்லை. கோபாலும் ஷ்லெசிங்கரும் போனார்கள். ஆனால் எழுதும்போது சிலவற்றை நினைவில் வைக்க வேண்டும். யாருக்காக எழுதினேன் என்பதை நூலிலேயே சொல்லிவிட வேண்டும். பார்த்த காகிதத்தை மற்றவரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். நம் பக்கத்துக்கு ஆகாத காகிதத்தையும் கிழிக்காமல் சேர்த்து வைக்க வேண்டும். மேலே உள்ள மெய்க்கீர்த்தியோடு நிறுத்தாமல் கீழே உள்ள சாமுண்டப்பையின் வரியையும் எழுத வேண்டும். தோல் பதனிடும் ஷெட்டில் கூலி வாங்கியவரும், இட்லி அவித்துத் தெருவில் விற்ற அம்மாவும் அந்த வரியில்தான் வருவார்கள்.

இம்மலரைப் படிக்கும் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பழைய கூலிச் சீட்டு, வாடகை ரசீது, ஊரிலிருந்து வந்த கடிதம், பழைய சங்கக் கணக்கு நோட்டு எது இருந்தாலும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பேரப்பிள்ளைகளிடம் கொடுத்து, தேதியும் பெயரும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். சங்கத்தில் ஒரு அலமாரி ஒதுக்கினால் முதல் கட்டைக் கொண்டு வந்து வைக்க நான் தயாராக இருக்கிறேன். என் கடையின் நாற்பது வருடப் பேரேடுகள் பரண்மேல்தான் கிடக்கின்றன.